கழுதைவழுக்கிக்கு எத்தனை பல்

சீடருக்கு அறுபத்தொரு வயது. குருவுக்கு நாற்பது. அதிலும் குரு ஒரு பெண். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். அப்போதும் சிரித்தார்கள்.

சீடரின் பெயர் சென்னியப்பன். எட்டியாம்பாறை என்ற மலையூரில் அவருக்கு ஒரு மிளகுத் தோட்டம் இருந்தது. அடிவாரத்திலிருந்து ஊருக்கு ஒன்பது கிலோமீட்டர். பாதை முழுக்க மண்ணும் கல்லும். மூன்றாவது கிலோமீட்டரில் ஓர் ஏற்றம் வரும். பாறைமேல் உருளைக்கல் கொட்டியதுபோல் இருக்கும். அதற்குக் கழுதைவழுக்கி என்று பெயர்.

அந்தப் பாதையில் ஓடியது ஒரே ஒரு ஜீப். அது முத்துரத்தினத்துடையது.

ஒரு நாள் கிராமசபைக் கூட்டத்தில் சென்னியப்பன் எழுந்து, "நம்ம ஊருக்கு மினிபஸ் கேட்டு மனு எழுதலாமே" என்றார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். மறுநாள் காலையில் மூட்டையோடு ஜீப்பில் ஏறியவரை முத்துரத்தினம் இறக்கிவிட்டான்.

"பஸ் வந்ததும் அதில ஏறிக்கோ. அதுவரைக்கும் நட" என்றான். "நடக்க முடியலேன்னா எல்லார் முன்னாடியும் என் காலைத் தொடு. யோசிக்கிறேன்."

ஜீப்பில் பதினோரு பேர் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பதினோரு பேரின் பெயரும் சென்னியப்பனுக்குத் தெரியும்.

அந்த வருடத்து மிளகைச் சென்னியப்பன் தலையில் சுமந்தே இறக்கினார். வலது முழங்கால் போய்விட்டது; அடுத்த வருடத்து மிளகை அப்படிச் சுமந்து இறக்க முடியாது. அடுத்த பறிப்பு நெருங்கும்போது முத்துரத்தினம் ஆள் மூலம் ஒரு பத்திரம் அனுப்பினான். முத்திரைத்தாளில் எல்லாம் எழுதித் தயாராக இருந்தது. தோட்டம் இனி முத்துரத்தினத்துக்கு. கையெழுத்து மட்டும் பாக்கி. மாசிப் பறிப்புக்கு முன்னால் போட்டுவிட வேண்டும்.

காலைத் தொட வேண்டும். அல்லது தோட்டத்தைக் கொடுக்க வேண்டும். சென்னியப்பனுக்கு இரண்டும் பிடிக்கவில்லை.

கடையில் வண்டி வாங்கியும் பயனில்லை. ஊரில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு கழுதைவழுக்கியில் ஏறப் பார்த்தார்கள். இரண்டு வண்டியும் கிளட்ச் கருகித் திரும்பி வந்தன.

அடிவாரத்தில் பெயர்ப்பலகை இல்லாத பட்டறை ஒன்று இருந்தது. தண்ணீர் மோட்டார், மருந்தடிக்கும் எந்திரம், களையெடுக்கும் எந்திரம் எல்லாம் அங்கே பழுது பார்ப்பார்கள். பார்ப்பார்கள் என்ன, பார்ப்பது ஒரே ஆள்தான். கலாமணி.

சென்னியப்பன் ஒரு பால்வண்டியில் இரண்டு பொருள்களை ஏற்றிவந்து அந்தப் பட்டறை வாசலில் இறக்கினார். ஒன்று, என்ஜின் இல்லாத பழைய மோட்டார் சைக்கிள் சட்டம். இன்னொன்று, கெட்டுப்போன களையெடுக்கும் எந்திரத்திலிருந்து கழற்றிய ஐந்து குதிரைசக்திப் பெட்ரோல் என்ஜின்.

"இது ரெண்டையும் சேர்த்து ஒரு வண்டி வேணுமுங்க அம்மிணி. மூட்டையோட மலை ஏறணும்."

"விட்டுட்டுப் போங்கண்ணா. பத்து நாள்ல செஞ்சு தரேன்."

"நீங்க செய்ய வேண்டாமுங்க. எனக்குச் சொல்லிக் கொடுங்க."

"எதுக்கு?"

"நீங்க செஞ்சா, அது உடையறப்பெல்லாம் உங்க வாசலுக்கு வந்து நிக்கணும். இனி யார் வாசல்லயும் நான் நிக்க மாட்டேன்."

"இப்ப நின்னுட்டுத்தானே இருக்கீங்க?"

"இதுதான் கடைசி."

கலாமணி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"உட்காருங்க" என்றாள்.

ஒரு மாதம் சென்னியப்பன் மண்ணெண்ணெயில் நட்டும் போல்ட்டும் கழுவினார். சட்டத்தை வெட்டினார். பற்றவைத்தார். கையைச் சுட்டுக்கொண்டார். அந்த வழியாகப் போகிறவர்கள் சும்மா போகவில்லை.

"சென்னியண்ணா, இதுக்கு லைசென்ஸ் எங்கே எடுக்கறது? ஆர்டிஓ ஆபீசிலயா, வேளாண்மை ஆபீசிலயா?"

"களையும் எடுக்குமா, ஆளை மட்டும்தான் எடுக்குமா?"

சென்னியப்பன் கழுவிக்கொண்டிருந்த நட்டிலிருந்து தலையைத் தூக்கினார். யார் யார் என்று மட்டும் பார்த்துவைத்துக்கொண்டார்.

என்ஜின் சட்டத்தில் உட்கார்ந்த அன்று அவர் கேட்டார்.

"என்ஜின் நடுவில இருக்கு. சக்கரம் பின்னாடி இருக்கு. இதோட சுத்தலை அதுக்கு எதை வெச்சுக் கொண்டுபோறதுங்க? டீக்கடையில பெல்ட்டுங்கறாங்க. சத்தமே வராதாம். லேத்துக்காரர் ஷாப்டுங்கறார். ஆயுசுக்கும் தாங்குமாம். சைக்கிள் கடைக்காரன் செயினுங்கறான்."

கலாமணி உள்ளே போனாள். ஒரு பம்புசெட் பெல்ட், ஒரு செயின், ஷாப்ட் என்கிற இரும்புத் தண்டோடு ஒரு பல் சக்கரம் மூன்றையும் எடுத்துவந்து அவர் முன்னால் போட்டாள். பெல்ட்டைக் கத்தியால் அறுத்தாள். செயினில் கண்ணிகளைக் கோத்திருந்த ஓர் ஊசியைத் தட்டி வெளியே தள்ளினாள். பல் சக்கரத்தில் சம்மட்டியால் ஒரே போடு போட்டாள். இரண்டு பல் தெறித்து விழுந்தது.

"அடடா, நல்ல சாமானுங்க அம்மிணி!"

"சரி பண்ணுங்க."

சென்னியப்பன் ஸ்பேனர் பெட்டியை நோக்கிக் கை நீட்டினார். கலாமணி பெட்டியைக் காலால் தள்ளிவிட்டாள்.

"கழுதைவழுக்கியில பட்டறை இருக்கா?"

"இல்லீங்க."

"அங்கே நிக்கறப்ப உங்ககிட்ட என்ன இருக்கும்?"

சென்னியப்பன் இடுப்பைத் தடவினார். கொடுவாள் இருந்தது. சட்டைப்பையில் துண்டுக் கம்பி ஒன்று, ஆணி இரண்டு, பீடிக்கட்டு.

"அதை வெச்சுப் பண்ணுங்க."

அறுந்த பெல்ட்டைக் கம்பியால் தைத்தார். கலாமணி அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி ஓர் இழுப்பு இழுத்தாள். பிய்ந்துகொண்டு வந்தது.

உடைந்த பல்லைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே வைத்தார்.

செயினை வாசல் கல்மேல் வைத்தார். இரண்டு முனைகளையும் சேர்த்து ஆணியைச் செருகினார். கொடுவாளின் முதுகால் அடித்து மடக்கினார்.

"பார்க்க அசிங்கமா இருக்குதுங்க."

"இழுங்க."

காலை முட்டுக்கொடுத்து இழுத்தார். வரவில்லை. இன்னும் பலம் கொடுத்து இழுத்தார். வரவில்லை.

"செயின்தானுங்க" என்றார்.

"நான் சொல்லல" என்றாள் கலாமணி.

செயினை மாட்டிப் பார்க்கிற அன்று அவர் பட்டறையில் கிடந்த ஒரு பல் சக்கரத்தைத் தற்காலிகமாகப் பூட்டினார். பின்சக்கரத்தைப் பின்னால் இழுத்து, செயினை முறுக்கேற இறுக்கினார். விரலால் சுண்டினால் வீணைக் கம்பிபோலச் சத்தம் வந்தது. கலாமணி ஒருமுறை சுண்டிப் பார்த்தாள். சற்றுத் தள்ளி நின்றுகொண்டாள்.

என்ஜினைக் கிளப்பிப் பட்டறையை இரண்டு சுற்று சுற்றியதும் செயின் அறுந்து சுவரில் போய் அடித்தது. சுண்ணாம்பு உதிர்ந்தது.

"இறுக்கமா இருந்தா பலமா இருக்கும்னு நெனச்சேனுங்க."

கலாமணி அறுந்த செயினைக் கோத்தாள். அச்சு நட்டைச் சற்றுத் தளர்த்தினாள். செயினின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அரை அங்குலம் இறங்கியது. விரலை எடுத்தாள். ஏறியது.

"சக்கரம் குழியில விழும், மேட்டில ஏறும். அதுக்கும் ஆடறதுக்கு எடம் வேணுமில்ல?"

கடைசியாக ஒரு கேள்வி இருந்தது.

"என்ஜின் முனையில பன்னெண்டு பல்லு இருக்கு. பின்சக்கரத்துக்கு எத்தனை பல்லுங்க?"

"எங்கே ஓட்டப் போறீங்க?"

சென்னியப்பன் தெருப்பக்கம் பார்த்தார். பட்டறையிலிருந்து மலைப்பாதை தொடங்கும் இடம் வரை ஒரு பர்லாங்கு தூரம் தார் ரோடு. அந்த ரோட்டின் ஓரத்தில்தான் சந்தை. சந்தை முனையில் டீக்கடை. டீக்கடை வாசலில்தான் முத்துரத்தினத்தின் ஜீப் நிற்கும்.

"வெள்ளிக்கிழமை சந்தை அன்னிக்கு" என்றார், "எல்லாரும் பார்க்க அவனைத் தாண்டிப் போகணுமுங்க."

கலாமணியும் தெருப்பக்கம் பார்த்தாள்.

"அப்படின்னா சின்னதாப் போடுங்க, வேகம் கிடைக்கும். முப்பத்தாறு."

வெள்ளிக்கிழமை ஜீப் கிளம்பியது. பின்னாலேயே சென்னியப்பன் கிளம்பினார். பின்னால் ஒரு மூட்டை ராகி கட்டியிருந்தது. கறிக்கடைக்கு எதிரே ஜீப்பை எட்டினார். வெற்றிலைக் கடைக்கு எதிரே தாண்டினார். சந்தையே திரும்பிப் பார்த்தது. யாரோ விசில் அடித்தார்கள். சென்னியப்பன் தலையைத் திருப்பி முத்துரத்தினத்தின் முகத்தை நன்றாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் அவர் அந்த வண்டியைச் செய்திருந்தார்.

கழுதைவழுக்கியில் வண்டி பத்தடி ஏறியது. முனகியது. நின்றது. கிளட்சிலிருந்து புகை கிளம்பியது. சென்னியப்பன் இரண்டு கால்களையும் ஊன்றி, வண்டி பின்னால் சரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். பாதை குறுகல். பின்னால் ஜீப் வந்து நின்றது.

முத்துரத்தினம் தலையை வெளியே நீட்டினான்.

"என்னப்பா சென்னியப்பா, சமையல் நடக்குதா? புகை வருது."

ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஆளைவிட்டுத் தள்ளச் சொல்லட்டுமா? காலைத் தொட வேண்டாம். கையைக் கூப்பினாப் போதும். விலையைக் குறைச்சுட்டேன்."

சென்னியப்பன் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்கவில்லை. வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னால் இறக்கி ஓரம் கட்டினார். ஜீப் மேலே போனது. அவர் மூட்டையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு கீழே வந்தார்.

மறுநாள் பட்டறைக்கு வந்தவர் உட்காரவில்லை. சட்டைக்குள்ளிருந்து பத்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"என்ஜின் பத்தாதுங்க. ஏழு குதிரை வேணும். அதுக்கு என்கிட்ட வழியில்ல. இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு. கையெழுத்துப் போட்டுடறேன்."

கலாமணி பத்திரத்தைத் தொடவில்லை.

"தலையில எவ்வளவு சுமப்பீங்க?"

"முழங்கால் நல்லா இருந்தப்ப அம்பது கிலோ. இப்ப முப்பது."

அவள் ஒரு சாக்கில் மணலை அள்ளி நிறுத்தாள். முப்பது கிலோ. அதை அவர் தலையில் தூக்கி வைத்தாள்.

"ரோட்டில நடங்க."

"எதுக்குங்க?"

"நடங்க."

அவர் தார் ரோட்டில் நடந்தார். கலாமணி பின்னாலேயே குனிந்து போனாள். இரும்பில் குறிபோடுகிற சாக்பீஸ் அவள் கையில் இருந்தது. அவர் குதிகால் பட்ட இடத்தில் எல்லாம் ஒரு கோடு கிழித்தாள். டீக்கடையில் இருந்தவர்கள் டீயை மறந்து பார்த்தார்கள்.

"கலாமணிக்கு என்னமோ ஆயிருச்சு. கிழவனுக்குக் கோலம் போடறா."

அவள் காதில் வாங்கவில்லை. மூட்டையைத் தன் ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் வைத்தாள். பின்னால் அவரை உட்காரவைத்துக்கொண்டு கழுதைவழுக்கிக்கு அடியில் கொண்டுபோய் இறக்கினாள். மறுபடியும் மூட்டை அவர் தலைக்கு ஏறியது.

"இப்ப ஏறுங்க."

ஏறினார். மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு, இடது காலை வைத்து, அதன் பக்கத்திலேயே வலது காலை வைத்து ஏறினார். ஆனால் நிற்காமல் ஏறினார். கலாமணி பாறையில் கோடு கிழித்துக்கொண்டே வந்தாள். உச்சியில் மூட்டையை இறக்கினார். அவள் டேப்பை எடுத்து அளந்தாள்.

"ரோட்டில ஒரு எட்டுக்கு முப்பது அங்குலம். இங்கே ஒன்பது."

"ஆமாங்க."

"இங்கே வந்ததும் வேற காலை மாட்டிக்கிட்டீங்களா?"

"அதே கால்தானுங்க."

"வேற முழங்கால்?"

"அது இருந்தா உங்ககிட்ட எதுக்குங்க வரேன்?"

"அப்புறம் எப்படி ஏறினீங்க?"

சென்னியப்பன் கோடுகளைப் பார்த்தார். கீழே இருந்து மேலே வரை வெள்ளை வெள்ளையாக நெருக்கமாக இருந்தன. பார்த்துக்கொண்டே நின்றார்.

அப்போது கீழே ஜீப் வந்தது. ஏற்றத்துக்கு அடியில் ஒரு கணம் நின்றது. முத்துரத்தினம் குனிந்து, கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருந்த குட்டைக் கம்பியை இழுத்தான். பெரிதாக உறுமிக்கொண்டு, ஆமைபோல ஊர்ந்து ஏறியது. இவர்களைத் தாண்டும்போது அவன் என்னவோ சொன்னான். உறுமலில் கேட்கவில்லை.

ஜீப் போகும்வரை சென்னியப்பன் அதன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபது வருசம் இதில உட்கார்ந்து ஏறியிருக்கேன்" என்றார். "இந்த எடத்தில ஒவ்வொரு தடவையும் அந்தக் கம்பியை இழுப்பான்."

"பார்த்ததில்லையா?"

"அவன் மூஞ்சியைத்தான் பார்த்திருக்கேன்."

கலாமணி சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

அன்றே வேலை தொடங்கியது. இந்த முறை அவர் எதையும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இன்னோர் அச்சு போட வேண்டும். ஒரு செயின் என்ஜினிலிருந்து அந்த அச்சுக்கு. இன்னொரு செயின் அதிலிருந்து சக்கரத்துக்கு. முதல் செயினில், பன்னிரண்டு பல்லுக்கு முப்பத்தாறு என்பதால், சுற்றல் மூன்றில் ஒன்றாகும். இரண்டாவதில், அச்சின் பன்னிரண்டு பல்லுக்குப் பின்சக்கரத்தில் நாற்பத்தெட்டுப் பல் போட்டால், அதிலும் நான்கில் ஒன்றாகும். முன்பு என்ஜின் மூன்று சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. இனி பன்னிரண்டு சுற்றுக்கு ஒரு சுற்று.

"சரிதானுங்களா?"

"நீங்கதானே நடந்தீங்க" என்றாள்.

மூன்றாம் நாள் அவர் திடீரென்று அரத்தைக் கீழே வைத்தார்.

"இது ரோட்டில எப்படிப் போகும்னு தெரியுமுங்களா? சைக்கிள்ல முட்டை கொண்டுபோறவன் என்னைத் தாண்டிப் போவான்."

"போவான்."

"முத்துரத்தினம் டீக்கடையில உட்கார்ந்து சிரிப்பான்."

"சிரிப்பான்."

"போன வெள்ளிக்கிழமை விசில் அடிச்சவனெல்லாம் இந்த வெள்ளிக்கிழமை சிரிப்பான். அதை நான் பொறுத்துக்கணுமா?"

கலாமணி பட்டறை வாசலின் மேற்பக்கத்தைக் காட்டினாள். சுவரில் நான்கு போல்ட் ஓட்டைகள் இருந்தன.

"இங்கே ஒரு போர்டு இருந்துச்சு. கலாமணி எஞ்சினியரிங் ஒர்க்ஸ்னு. பொம்பளைக்கு எதுக்குப் பட்டறைன்னு சில பேருக்குப் பொறுக்கல. ஒரு நாள் காலையில வந்து பார்த்தா சாக்கடையில கிடந்துச்சு. கழுவி மாட்டினேன். மறுபடியும் சாக்கடை. மூணாவது தடவை சாணி அடிச்சாங்க."

"யாருங்க அது?"

"தெரியும்."

"என்ன பண்ணினீங்க?"

"நாலாவது தடவை மாட்டல."

சென்னியப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படின்னா அவனுகதானே ஜெயிச்சானுக?"

"நீங்க மலையிலிருந்து இறங்கி வந்தீங்களே, போர்டைப் பார்த்தா வந்தீங்க?"

அவர் சுவரிலிருந்த ஓட்டைகளை மறுபடி பார்த்தார்.

"அவங்க மோட்டார் கருகினாலும் இங்கேதான் வருது" என்றாள் கலாமணி. "செஞ்சு கொடுத்துட்டுத்தான் இருக்கேன். அவங்களை மட்டும் உட்காரச் சொல்றதில்லை."

சென்னியப்பன் அரத்தை எடுத்தார்.

கடைசி நாள் என்ஜின் மூடியில் எண்ணெய் கசிந்தது. மூடியைக் கழற்றினார். எண்ணெயை அடைக்க இடையில் வைத்திருந்த காகிதப் பேக்கிங் கிழிந்திருந்தது. புதிதாக வெட்டிப் போட வேண்டும்.

"நல்ல தடிப்பான காகிதம் இருக்குங்களா அம்மிணி?"

"கடையிலதான் கேக்கணும்."

சென்னியப்பன் மேஜையைப் பார்த்தார். பத்திரம் வைத்த இடத்திலேயே இருந்தது. முத்திரைத்தாள். கெட்டியான காகிதம். அவர் அதை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். மூடியை அதன்மேல் வைத்துப் பென்சிலால் வரைந்தார். கத்தரிக்கோலை எடுத்தார். வெட்டினார். போல்ட் ஓட்டைகளை ஆணியால் குத்தினார். முத்துரத்தினத்தின் பெயர் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. எண்ணெயில் தோய்த்து மூடிக்குள் வைத்து முடுக்கினார்.

கலாமணி பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை சந்தை கூடியிருந்தது. சென்னியப்பன் பின்னால் இரண்டு மூட்டைகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். வண்டி பெரிய சத்தம் போட்டது. ஆனால் நகர்வது தெரியவில்லை. முட்டைக்காரன் தாண்டிப் போனான். கூடையோடு நடந்த ஒருத்தி கொஞ்ச தூரம் பக்கத்திலேயே நடந்து வந்தாள்.

"ஏனுங்க மாமா, நான் முன்னால போயி வர்றீங்கன்னு சொல்லட்டுமா?"

சந்தை முழுக்கச் சிரிப்பு. ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டியது. தூசி முகத்தில் அடித்தது. சென்னியப்பன் தலையைத் திருப்பவில்லை. ரோட்டை மட்டும் பார்த்தார்.

கழுதைவழுக்கி வந்தது. பாறையில் சாக்பீஸ் கோடுகள் இன்னும் இருந்தன. வண்டியின் வேகம் குறையவில்லை. குறைய அதற்கு வேகமே இல்லை. அதே நடையில் ஏறியது. ஒரு கோட்டைத் தாண்டியது. அடுத்த கோட்டைத் தாண்டியது. கல் உருண்டது, சக்கரம் கொஞ்சம் வழுக்கியது, மறுபடி பிடித்தது. கடைசிக் கோட்டையும் தாண்டி உச்சிக்கு வந்தது.

எட்டியாம்பாறையில் பலாமரத்தடியில் ஜீப் நின்றது. சுற்றிலும் ஆட்கள். முத்துரத்தினம் கையில் டீ கிளாஸோடு நின்றான். வண்டியின் சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். யாரும் சிரிக்கவில்லை.

முத்துரத்தினம்தான் முதலில் பேசினான்.

"ஏறிட்டே போலிருக்கு. நான் வந்து ரெண்டு டீ குடிச்சாச்சு."

"மூணாவதும் குடி" என்றார் சென்னியப்பன். "நான் உன்னைப் பார்க்க வரல. என் வீட்டுக்கு வந்தேன்."

"சரி, வீட்டுக்குப் போ. நாளையோட தவணை முடியுது. நான் அனுப்பின பத்திரம் எங்கே?"

சென்னியப்பன் என்ஜினைத் தட்டிக் காட்டினார்.

"இதுக்குள்ள இருக்கு. எண்ணெய் ஒழுகாம நல்லாப் பிடிச்சுக்கிட்டிருக்கு. நல்ல காகிதம்."

கூட்டத்தில் யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். முத்துரத்தினம் சிரித்தது யார் என்று பார்க்கத் திரும்பினான். அதற்குள் எல்லோருமே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடத்து மிளகைச் சென்னியப்பன் தன் வண்டியிலேயே இறக்கினார். ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகவில்லை.

பங்குனியில் ஒரு நாள் அவர் பட்டறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை. அதில் முதல் தரமான மிளகு.

"இனி வரமாட்டேன்னீங்க?" என்றாள் கலாமணி.

"வண்டிக்கு வரல. வேற ஒண்ணு கேக்கணும்."

"உட்காருங்க."

உட்கார்ந்தார். மிளகுப்பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஏறிட்டேன். தோட்டமும் நிலைச்சுது. முத்துரத்தினம்கூட இப்பெல்லாம் என்னைப் பார்த்தா வேற பக்கம் பார்த்துக்கறான். ஆனா எனக்கு உள்ள இருக்கற கோபம் போகலீங்க. கண்ணை மூடினா அந்த ஜீப்பு வருது. அந்தப் பதினோரு பேரும் வராங்க. ஒருத்தன் வாயைத் திறந்திருக்கலாமில்ல? ஊர்ல எல்லாரும், 'அதான் ஏறிட்டியே, விட்டுத்தொலை'ங்கறாங்க. கோயில் பூசாரியும் அதையேதான் சொல்றார்." அவர் நிமிர்ந்தார். "விட்டுடணுங்களா அம்மிணி?"

கலாமணி எழுந்து வாசலுக்குப் போனாள். அவர் வண்டியின் பக்கத்தில் குந்தினாள். பின்சக்கரத்துச் செயினைத் தொட்டாள்.

"இதைக் கழட்டிடலாமா?"

"கழட்டினா நான் எப்படிங்க வீட்டுக்குப் போறது?"

அவள் செயினின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அது இறங்கவில்லை. அவர் எப்போதோ மறுபடியும் இறுக்கியிருந்தார்.

அவள் ஸ்பேனரை எடுத்து அச்சு நட்டை அரைத் திருப்பு திருப்பினாள். சக்கரத்தை முன்னால் தட்டினாள். மறுபடி கட்டைவிரலால் அழுத்தினாள். செயின் அரை அங்குலம் இறங்கி, ஏறியது.

"இவ்வளவு ஆடட்டும்" என்றாள்.